முப்பத்தேழு நாள் ஒரே மூச்சு

கேக்க வந்தவங்க எல்லாரும் மொதல்ல நல்லா ஒரு மூச்சு இழுத்து நெஞ்சுக்குள்ள பத்திரமா வச்சுக்கிடுங்க, ஏன்னா இது கருங்காட்டுவிளையில மூச்சுக்குப் பஞ்சம் வந்த கதை. தண்ணிப் பஞ்சம்னா லாரி வரும், அரிசிப் பஞ்சம்னா ரேசன் கடை இருக்கு, மூச்சுப் பஞ்சம்னா எந்த ஆபீஸ்ல போயி மனு குடுக்கது, எந்த அதிகாரி வந்து, "ஆளுக்கு அஞ்சு மூச்சு, வரிசையில நில்லுங்க"ன்னு அளந்து ஊத்துவாரு?

அந்த ஊரு காட்டுப்பேச்சி கபடிக் குழுவுல பலவேசம்னு ஒருத்தன் இருந்தான். ஏறிப் பாடுறவன். அதாவது "கபடி கபடி"ன்னு ஒத்த மூச்சுல சொல்லிக்கிட்டே எதிராளி பக்கம் போயி, ஆளத் தொட்டுட்டு, மூச்சு முறியதுக்குள்ள நடுக்கோட்டத் தாண்டித் தன் பக்கம் திரும்பி வந்துரணும், அதான் அவன் ஜோலி. பத்து வருசமா போனான், வந்தான், போனான், வந்தான், செல்லக்கனியக் கல்யாணம் கட்டுன அன்னைக்குக் கூட சாயங்காலம் மாலையக் கழத்தி அவ கையில குடுத்துட்டு ஒரு மேட்ச்சுக்குப் போயிட்டு வந்தான். ஆனா இருவத்தேழு வயசாகவும் மூச்சு அவனுக்கு எதிரா ஆட ஆரம்பிச்சுட்டு. நாலு எட்டு வச்சா நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி அடிச்சுக்கிட்டு நிக்கும். அந்த வருசத்த விட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டா சர்க்கார் வேலைக்கு வயசும் முடிஞ்சுரும். வீட்டுல செல்லக்கனி ஏழு மாசம் வயித்தோட இருக்கா.

இந்த நேரம் பாத்து வந்தான் கொம்பையா. கொம்பையா யாருன்னா, மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரு. கபடிக் குழுவுக்கு மேனேஜரும் அவன்தான், கோச்சும் அவன்தான், தண்ணி பாட்டில் தூக்குததும் அவன்தான். மூக்கால பேசுவான். "ஏலே தம்பீ, இதக் குடிச்சிப் பாரு"ன்னு மொதல்ல ஒரு பவுடர் டப்பா கொண்டாந்தான், டப்பா மேல ஒரு வெள்ளக்காரன் சட்ட இல்லாம, தேனீ கொட்டுன மாதிரி ஒடம்பெல்லாம் வீங்கிப் போயி சிரிச்சிக்கிட்டு நிப்பான். டப்பா காலியான பொறவு ஊசி கொண்டாந்தான்.

"இது ரேக்ளா காளைக்குப் போடுதது. போட்ட காளை எப்பிடிப் பறக்கு, பாத்தேல்லா? காளைக்கு ஆவுறது மனுசனுக்கு ஆவாதா?"

செல்லக்கனி அடுப்படியில இருந்து கேட்டா. "அண்ணாச்சி, அந்தக் காளை எல்லாம் இப்ப எங்க இருக்கு?"

கொம்பையா சிரிச்சான். "ஏ தங்கச்சி, இது சும்மா சத்து ஊசி. எல்லா ஊர்க்காரனுவளும் போடுதானுவ. போடாதவன்தான் தோத்துட்டு வந்து வீட்டுல உக்காந்துருக்கான்."

போட்டாங்க. தொடையில ஒண்ணு, பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு. பலவேசம் கழுத்து பனந்தூரு மாதிரி ஆச்சு, முதுகெல்லாம் பருவா வெடிச்சுது, கண்ணு செவந்துச்சு, குழம்புல உப்பு இல்லன்னு தட்டத் தூக்கி எறிஞ்சான், அவன் எறிஞ்ச வேகத்துல தட்டு செவத்துல ஒட்டிக்கிட்டு ரெண்டு நாளு கீழ விழல. காலையில செல்லக்கனி அடுப்படியில நின்னா, உள்ரூம்புல படுத்துருக்க புருசன் நெஞ்சடிக்கது அம்மி கொத்துத மாதிரி இங்க கேக்கும். அவ வயித்துல கை வச்சு, உள்ள இருக்க புள்ளைக்கி, "அது ஒங்க அப்பாதான், பயப்படாத"ன்னு சொல்லுவா. சொல்லும்போது அவளுக்குத்தான் பயமா இருக்கும்.

பைனல் மேட்ச்சு காட்டுப்பேச்சி கோயிலுக்குப் பின்னால உள்ள மைதானத்துல, சாயங்காலம் நாலு மணிக்கு. கமிட்டிக்காரனுவ ஆத்து மணலு கொண்டாந்து கொட்டுனதுல பாதி மைதானத்துக்குத்தான் காணுச்சு. அதனால இந்தப் பக்கம் வெள்ள மணலு, அந்தப் பக்கம் வெறும் செம்மண்ணு, நடுவுல சுண்ணாம்புக் கோடு. இத நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க. மைக்குல ஒருத்தன், "அன்பார்ந்த பொதுமக்களே, மரத்து மேல இருக்கவங்க மரத்த விட்டு எறங்கவும், எறங்கலன்னா கமிட்டி பொறுப்பல்ல, இதோ, இதோ, கருங்காட்டுவிளையின் கருஞ்சிங்கம் பலவேசம் ஏறுகிறார், மூணு பாயிண்ட்டு எடுத்தாத்தான் கப்பு, எடுப்பாரா, எடுப்பாரா"ன்னு தொண்ட கிழியக் கத்துதான். அதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாலதான் கொம்பையா அவன வேலிக்கு அந்தாண்ட கூட்டிட்டுப் போயி மூணாவது ஊசி போட்டு விட்டுருந்தான், அதுவும் காளைக்கு உள்ள முழு அளவு.

பலவேசம் போனான். "கபடி கபடி கபடி." அவன் செம்மண்ணுல கால் வச்சதும் எதிராளி ஏழு பேரு சட்டையும் படபடன்னு அவன் பக்கமா இழுத்துச்சு. ஒருத்தனத் தொட்டான், ரெண்டு பேரத் தொட்டான், மூணாவது ஆளையும் தொட்டான். தொடுபட்ட மூணு பேரும் கரையில போட்ட மீனாட்டம் வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டே மண்ணுல உக்காந்துட்டானுவ. அம்பயரு பொன்னுலிங்கம் வாத்தியாரு விசில ஊதுனாரு. விசில்ல சத்தம் வரல, எச்சிதான் வந்துச்சு.

யாரு அதக் கவனிக்கா? சனம் கோட்டத் தாண்டி உள்ள பாஞ்சிட்டு. கருங்காட்டுவிளையில ஒரு வழக்கம் உண்டு, ஜெயிச்சுக் குடுத்தவன் காலு மண்ணுல படக்கூடாது, நின்ன எடத்துலயே தோள்ல தூக்கி, கோயில் வாசல் கல்லுல கொண்டு போயித்தான் எறக்கணும். பலவேசத்த நின்ன எடத்துலயே தூக்குனாங்க. அவன் கைய ஆட்டுனான், தலைய ஆட்டுனான், கோட்டப் பாத்துக் கைய நீட்டுனான், எல்லாரும் அவனுக்குச் சந்தோசத்துல தல கால் புரியலன்னு நெனச்சுக்கிட்டாங்க. கோட்டுக்கு மேல, ஆகாசத்துல, தோள் தோளா அவனக் கொண்டு போனாங்க.

கோயில் வாசல்ல எறக்குனாங்க. "கபடி கபடி கபடி."

மாலை போட்டாங்க. "கபடி கபடி."

சேர்மன் வந்து, "இந்த மண்ணின் மைந்தனை, இந்த மைந்தனின் மண்ணை"ன்னு என்னமோ பேசுனாரு, பேச்சு முடிஞ்சு பத்து நிமிசம் ஆகியும் அவன் முடிக்கல. வீட்டுக்கு வந்தான், சொல்லிக்கிட்டே உக்காந்தான், சொல்லிக்கிட்டே படுத்தான், விடியும்போது சொல்லிக்கிட்டே கண்ணு முழிச்சான். மறுநா டவுனு டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவரு நெஞ்சுல ஸ்டெத்து வச்சுக் கேட்டாரு, முதுகுல வச்சுக் கேட்டாரு, பொறவு ஸ்டெத்தக் காதுல இருந்து எடுத்துத் தொடச்சுட்டு மறுபடி வச்சுக் கேட்டாரு. "மூச்சு விடுதான். உள்ள இழுக்கவே இல்லையேம்மா"ன்னாரு. சொல்லிட்டு வெளிய போயி நின்னுக்கிட்டாரு, அவருக்கே என்னமோ நெஞ்ச அடைச்சுதாம்.

உள்ள இழுக்காம எப்பிடி விடுதான்? விடுத காத்து எங்க இருந்து வருது? பஸ்ஸுல திரும்பி வரும்போது செல்லக்கனி அதையே நெனச்சுக்கிட்டு வந்தா. ஊரு எல்லைக்கிட்ட வரவும் பஸ்ஸு டயரு நாலும் ஒண்ணுபோல புஸ்ஸுன்னு எறங்கிட்டு. எல்லாரும் எறங்கி நடந்தாங்க. பலவேசம் முன்னால, கபடி கபடின்னு.

ஊருக்கு அது பழகிட்டுங்க. ஒரு வாரந்தான். டீக்கடைக்காரன் அவன் வீட்டுக்கு எதுத்தாப்புல பெஞ்சு போட்டான்; கொசுக்கடியில அழுத புள்ளைய அவன் சத்தத்துல தூங்க வச்சாங்க; பத்து கபடிக்கு ஒரு கரண்டி மாவுன்னு தோச ஊத்துனாங்க. செல்லக்கனி "க"வுக்கும் "ப"வுக்கும் நடுவுல உள்ள இண்டுல கஞ்சிய ஊட்டப் பழகிட்டா. பசிக்கித கபடி எது, கோவத்துல உள்ள கபடி எது, "ஏட்டி, பக்கத்துல வந்து உக்காரு"ங்குத கபடி எதுன்னு அவளுக்குத் தெரியும். ஆனா ஒரு தடவ கூட அவ பேரு அந்த வாயில வரல.

அதோட சேந்து இன்னொண்ணும் பழகிட்டு. சைக்கிள் டியூப்ல காத்து நிக்கல, சைக்கிளத் தள்ளிட்டுப் போனாங்க. இட்லி உப்பல, தட்டையா தின்னாங்க. குக்கரு விசிலடிக்கல, பருப்ப விரல்ல நசுக்கிப் பாத்து எறக்குனாங்க. ஒரு கல்யாணத்துல நாதஸ்வரக்காரரு கன்னத்த உப்ப உப்ப ஊதியும் சத்தம் வராம, தவில மட்டும் வச்சுத் தாலி கட்டுனாங்க. கொழாயடியில சண்ட போடுத பொம்பளையளு, "ஏ மூதேவி, ஒன்ன"ன்னு ஆரம்பிச்சு, மிச்சத்துக்கு மூச்சு இல்லாம, கையால மட்டும் திட்டிக்கிட்டாவ. மாடிப்படியில நடுவுல நாற்காலி போட்டாங்க. காக்கா "கா"ன்னு முழுசாக் கத்தல, "க்"ன்னு நிப்பாட்டிக்கிட்டு.

எல்லாருக்கும் தெரியும், யாரு மூச்ச யாரு இழுக்கான்னு. யாரும் சொல்லல. கப்பு கோயில்ல பளபளன்னு இருக்கு, சர்க்கார் வேலை வரப் போவுது, அத வாயில சொல்லிக் கெடுப்பானேன்? இதுல கூத்து என்னன்னா, மாட்டாஸ்பத்திரி வாசல்ல எளவட்டங்க வரிசையில நின்னானுவ. "அண்ணாச்சி, எனக்கும், ஒண்ணு, போடுங்க, போலீஸ், செலக்சன், ஓட்டம்." ஒரு வார்த்தைக்கு ஒரு தடவ நின்னு மூச்சு வாங்கிக்கிட்டே, மூச்சு ஊசி கேக்கானுவ! கொம்பையா கதவச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தான்.

பதினெட்டாம் நாளு வேலை குடுக்கத ஆபீஸர் நடந்தே வந்தாரு. குட்டையா, தொப்பையா, வேர்த்து விறுவிறுத்து வந்தவரு, "ரூல்ஸ் இருக்கு மிஸ்டர் பலவேசம், ஒரு பாட்டில் யூரின் வேணும், மருந்து கிருந்து சாப்புட்டீங்களான்னு டெஸ்ட் பண்ணுவோம்"னாரு. குடுத்தான். அவரு மூடியத் திருகி மேசையில வச்சாரு. கொஞ்ச நேரத்துல மூடிக்குள்ள இருந்து, கொசு ரீங்காரம் மாதிரி, "கபடி கபடி கபடி"ன்னு கேட்டுச்சு. ஆபீஸரு பாட்டிலப் பாத்தாரு, பலவேசத்தப் பாத்தாரு, "ஆர்டர் தபால்ல வரும்"னு சொல்லிட்டு, தொப்பையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓட முடியாம ஓடுனாரு. தபால் இன்னைக்கு வரைக்கும் வரல. பாட்டில செல்லக்கனிதான் தோட்டத்துல குழி தோண்டிப் பொதச்சா. பொதச்ச எடத்துல புல்லு படுத்துக்கிட்டு.

முப்பத்தாறாம் நாளு மத்தியானம் பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டுச்சு. செல்லக்கனி வேலி வழியாப் பாத்துக்கிட்டே நின்னா. நல்ல குட்டி. கருப்பு, நெத்தியில வெள்ள. காலு நாலும் ஒதைக்கு, கண்ணு தொறந்துருக்கு, தாயாடு நக்குது, நக்குது, குட்டி வாயத் தொறக்குது, மூடுது, தொறக்குது. காத்து உள்ள போகல. கொஞ்ச நேரத்துல காலு நின்னுட்டு. தாயாடு அதுக்குப் பொறவும் நக்கிக்கிட்டே இருந்துச்சு.

செல்லக்கனி வயித்தப் புடிச்சுக்கிட்டு வேலி ஓரத்துலயே உக்காந்துட்டா. உள்ள புள்ள பெரண்டுச்சு. வயித்துக்குள்ள இருக்க வரைக்கும் அதுக்கு இவ மூச்சு போதும். வெளிய வந்தா?

அன்னைக்கிப் பொழுது சாய, தெனமும் செய்யத மாதிரி புருசன் கால வெந்நியில கழுவுனா. தெனமும் கழுவுத காலுதான், அன்னைக்கித்தான் உள்ளங்காலத் திருப்பிப் பாத்தா. செக்கச்செவேல்னு செம்மண்ணு. தேச்சா, நார வச்சுத் தேச்சா, கல்ல வச்சுத் தேச்சா, போகல. முப்பத்தாறு நாள் கழுவியும் போகாத செம்மண்ணு. மணலு? ஒரு பொட்டு மணலு கூட இல்ல.

அவ தல நிமிந்தா. "அத்தான், நீங்க திரும்பி வரவே இல்லையா?"

முப்பத்தாறு நாள்ல மொத தடவையா அவன் சத்தம் ஒரு எடத்துல தடுக்குச்சு. "கப... கபடி." அவன் கண்ணுல தண்ணி நின்னுச்சு. அவன் இன்னும் அங்கதான் இருக்கான், எதிராளி பக்கம். அவன் காலு கோட்டத் தாண்டல, ஊரு தாண்ட விடல.

கொம்பையாவக் கூப்புட்டுச் சொன்னா. மூக்குப் பேச்செல்லாம் போயி அவன் தரையில உக்காந்துட்டான். "கோட்டத் தாண்டுனா, மூச்சு நிக்கும், தங்கச்சி. நின்ன மூச்ச, திரும்ப இழுக்கணுமே. இழுக்கதையே, அந்த ஒடம்பு மறந்துட்டே. இழுக்கலன்னா?"

"நீங்கதான, சத்து ஊசின்னு, சொன்னிய?"

"எனக்கு என்ன தெரியும், தாயி? அந்தக் காளையளு எல்லாம், ஒரு வருசம், தாண்டல." அன்னைக்கு அடுப்படியில இருந்து கேட்ட கேள்விக்கி இப்பத்தான் பதில் சொன்னான்.

பலவேசம் செவத்துல சாஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தான். மாட்டேன்னு தலைய ஆட்டுனான். கருஞ்சிங்கம்னு மைக்குல கத்துன ஆளு, செல்லக்கனி முந்தானையக் கையில சுத்திப் புடிச்சுக்கிட்டு, பள்ளிக்கூடம் போக மாட்டேங்குத புள்ள மாதிரி தலைய ஆட்டுனான். அவ முந்தானைய உருவிக்கிடல. எப்பிடி உருவுவா? புருசன் செத்துருவானோங்குத பயம் ஒரு பக்கம், ஆட்டுக்குட்டி ஒரு பக்கம்.

மறுநா காலையில இடுப்பு வலி எடுத்துட்டு. நர்ஸ் கிரேசி ஸ்கூட்டர உருட்டிக்கிட்டு, மூணு எடத்துல உக்காந்து எந்திரிச்சு வந்து சேந்தா. ஆம்புலன்ஸு ஓடப் பாலத்துல நாலு டயரும் எறங்கி நிக்கு. கிரேசி கையப் புடிச்சுச் சொன்னா: "புள்ள அழலன்னா, வாயில வாய் வச்சு, ஊதுவேன், செல்லக்கனி. ஆனா, ஊதுறதுக்கு, எங்கிட்ட, இல்ல."

செல்லக்கனி எந்திரிச்சா. கோலமாவு டப்பாவ எடுத்தா. "எங்கட்டீ போற?"ன்னு கிரேசி கேக்க, "மைதானத்துக்கு"ன்னா. ஒவ்வொரு வலிக்கும் ஒரு வேலிக் கம்பப் புடிச்சுக்கிட்டு, கம்பு கம்பா, கம்பு கம்பா நடந்து போயி, பழைய சுண்ணாம்புக் கோடு இருந்த எடத்துல குனிஞ்சு, இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் மாவுல ஒரே கோடு இழுத்தா. வலிச்சாலும் கை கோணல, தெனமும் வாசல்ல இழுக்கத கை. இழுத்து முடிச்சு, வெள்ள மணலு பக்கம், கோட்ட ஒட்டியே படுத்துட்டா. பொம்பளையளு சேலையப் புடிச்சுச் சுத்தி நின்னாவ.

ஊரு ஆம்பளைகளப் பாத்து, "எங்க இருந்து, தூக்குனியளோ, அங்கயே, கொண்டு எறக்குங்க"ன்னா.

அன்னைக்குத் தூக்குன அதே தோளுங்க தூக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கு ஆடிக்கிட்டே தூக்குனாங்க, இன்னைக்கு அஞ்சடிக்கி ஒரு தடவ நின்னு நின்னு தூக்கிட்டு வந்தாங்க. செம்மண்ணுல அவன் காலு பட்டதும் சத்தம் மூணு மடங்கு ஏறிட்டு, வேப்பமரத்து எல எல்லாம் அவன் பக்கமாச் சாஞ்சு அப்பிடியே நின்னுட்டு. கோட்டுக்கு நாலு எட்டுதான். அவன் கோட்டப் பாத்தான். காலு நகரல.

சேல மறைப்புக்குள்ள இருந்து செல்லக்கனி சொன்னா. "அத்தான். போங்கன்னு, நான் சொல்லல. வீட்டுக்கு, வாங்கன்னுதான், சொல்லுதேன்."

அவன் நின்னான். கபடி கபடி கபடி.

புள்ள பொறந்துட்டு. பொம்பளப் புள்ள. கிரேசி தலைகீழாத் தூக்கி முதுகுல தட்டுனா. சத்தம் இல்ல. தட்டுனா. கத்திரிக்கா நெறத்துல போகுது புள்ள. கிரேசி அதத் திருப்பிப் பாத்துட்டு ஒரு மாதிரி கத்துனா, கத்துனது வெளிய வரல. செல்லக்கனி பாத்தா. புள்ள ஒதடு அசையுது. பலவேசம் வாய் எப்பிடிப் போகுதோ அதே தாளத்துல, சத்தமே இல்லாம, அந்தத் துண்டு ஒதடு அசையுது.

"சேலைய எறக்குங்கட்டீ"ன்னா செல்லக்கனி. எறக்குனாவ. பலவேசம் புள்ளையப் பாத்தான்.

பாஞ்சான். ஒரு எட்டு. ரெண்டு எட்டு. மூணாவது எட்டுல முட்டி மடங்குச்சு, ஊசி போட்டு வளத்த அவ்வளவு ஒடம்பும் பனைமரம் சாயுத மாதிரி முன்னால சாஞ்சுது, சாயும்போதே வலது கைய நீட்டுனான், ரெண்டு வெரலு மாவுல பட்டுச்சு.

சத்தம் நின்னுது.

முப்பத்தேழு நாளுக்குப் பொறவு ஊரே அந்த அமைதியக் கேட்டு, அது என்ன சத்தம்னு தெரியாம முழிச்சுது. பொறவு வேப்பமரம் நிமிந்துச்சு. ஓடப் பாலத்துல ஆம்புலன்ஸு டயரு ஒண்ணு ஒண்ணா எழும்புச்சு. தெருவுல உள்ள குக்கரு எல்லாம் ஒண்ணுபோல விசிலடிச்சுது. பொன்னுலிங்கம் வாத்தியாரு கழுத்துல தொங்குன விசிலு, யாரும் ஊதாமலே, தானா, நீளமா ஒரு ஊத்து ஊதுச்சு. ஆட்டம் முடிஞ்சுது. புள்ள வீல்னு கத்துச்சு.

பலவேசம் குப்புறக் கெடந்தான். மூக்குக்கும் மாவுக்கும் நடுவுல ஒரு வெரக்கட எடந்தான். ஒடம்பு அசையல.

"யாரும் கிட்ட வராதீங்க"ன்னா கிரேசி. "யாரும் மூச்சு விடாதீங்க. மாவு அசைஞ்சா அவன் மூச்சுன்னு தெரியணும்." இப்பத்தான் மூச்சு கெடச்ச சனம், அத அப்பிடியே நெஞ்சுல புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. செல்லக்கனி புள்ள வாய மாருல வச்சா, அதுவும் அமந்துச்சு. கொம்பையா ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டான். அவ மாவையே பாத்தா. கண்ணு இமைக்காமப் பாத்தா. மாவு, மாவாட்டம் கெடந்துச்சு. அந்தக் காளையெல்லாம் எங்கன்னு நெனப்பு வந்துச்சு, நெனப்ப அமுக்குனா. மாவு கெடந்துச்சு. புருசன் கழுத்துல ஒரு நரம்பு கூட அசையல, மாவு கெடந்துச்சு.

அப்பொறம் அசைஞ்சுது.

காத்துல பறந்துருந்தா வெளிய போயிருக்கும். அது வெளிய போகல. கோட்டுல ஒரு நகத்தளவு மாவு கரைஞ்சு, மெள்ள, எறும்பு ஊருத மாதிரி ஊந்து, அவன் மூக்குப் பக்கமா வந்து, உள்ள போச்சு.

அதுக்குப் பொறவுதான் செல்லக்கனி தன் மூச்ச விட்டா. நீங்களும் விடுங்க. ஆனா முழுசா விட்டுராதீங்க, கொஞ்சம் மிச்சம் வச்சுக்கிடுங்க. மறுநா காலையில மாட்டாஸ்பத்திரி வாசல்ல ரெண்டு பேரு நல்லா மூச்சு வாங்கி, திடமா வந்து நின்னானுவ, போலீஸ் செலக்சனுக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்காம்.